நடுவில் இருக்கும் ஊர்கள்

பூகோள உருண்டையில் பெர்த் மேல் ஒரு விரலையும் லண்டன் மேல் ஒரு விரலையும் வைத்து, நடுவே ஒரு நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் கிளம்பும் அந்த நூல், ஆளரவமற்ற இந்தியப் பெருங்கடலை நெடுகத் தாண்டி, இலங்கையின் தென்கிழக்கில் யால காட்டருகே கரையேறும். கண்டியை ஒட்டி மலைநாட்டைக் கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கும். அப்புறம் பரமக்குடிப் பக்கமாக ஏறி மதுரை மேல் போகும். ஒட்டன்சத்திரம், திருப்பூர், மோயாற்றுப் பள்ளத்தாக்கு, கர்நாடகத்து மேற்கு மலை எல்லாம் தாண்டி, கார்வார் அருகே நிலத்தை விட்டு அரபிக்கடலுக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்தில் சரிபாதி வழி முடிந்திருக்கும். மிச்சப் பாதி பாகிஸ்தானின் மக்ரான் கரை, ஈரானின் முழு நீளம், துருக்கியின் கிழக்கு மூலை, கருங்கடல், ருமேனியா, நடு ஐரோப்பா. மொத்தம் 14,499 கிலோமீட்டர்.

தட்டையான வரைபடத்தில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டால் இந்த வழி கிடைக்காது. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி வளைந்துதான் தெரியும். பெர்த்தில் தம்பி வீட்டில் இருந்த நாட்களில், அவன் மகளுடைய உருண்டையில் இதைச் செய்து பார்த்தோம். நூல் மதுரை மேல் விழுந்ததும் அவள் நம்பவில்லை. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாள். பிறகு அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துக் கணக்குப் போட்டும் பார்த்தேன். விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குப் பிடித்த அந்தக் கோடு, மதுரை நகரத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் விலகவில்லை.

ஆனால் விமானம் அந்த நூலின் மேலேயே போவதில்லை. காற்று ஒரு பக்கம் தள்ளும். நாடுகள் இன்னொரு பக்கம் தள்ளும். இரண்டு ஊர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று கேட்டால் கணினி ஒரு நொடியில் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறது. அந்த எண்ணைத் தீர்மானிப்பது இந்த இரண்டு ஊர்களும் அல்ல, நடுவில் இருப்பவைதான் என்பதை இந்த ஒரு வழித்தடத்தின் நூறாண்டுக் கதையைப் போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

நான் போனது நவம்பர் கடைசியில். பெர்த்திலிருந்து லண்டனுக்கு எங்கும் நிற்காமல் போகும் குவாண்டாஸ் விமானம் மாலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்புகிறது. அந்த மாதத்தில் பெர்த்தில் சூரியன் மறைவதும் அதே நேரம்தான். லண்டனில் இறங்கும்போது அங்கே விடிகாலை ஐந்து மணிகூட ஆகியிருக்காது. குளிர்காலத்து லண்டனில் ஏழரை மணிக்குத்தான் வெளிச்சம் வரும். கடிகாரத்தைப் பார்த்தால் பத்து மணி நேரத்துக்கும் குறைவு. உண்மையில் பறந்தது பதினேழரை மணி நேரம். மேற்கே பறப்பதால் இரவும் கூடவே வந்துகொண்டிருக்கிறது. ஏறியது முதல் இறங்கியது வரை ஜன்னலுக்கு வெளியே இருட்டு, இருட்டைத் தவிர வேறில்லை. அவ்வளவு நீண்ட இரவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பக்கத்து இருக்கையில் பருத்தித்துறையைச் சேர்ந்த ஓர் அம்மா. மகன் குடும்பத்தோடு பெர்த்தில் இருக்கிறார். லண்டனில் மகளுக்குப் பேறுகாலம், அதற்காகப் போகிறார். இடைவாரைப் பூட்டிக்கொண்டதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"பிள்ளை, இடையில ஒரு இடத்திலயும் நிப்பாட்ட மாட்டினமோ?"

"இல்லையம்மா. நேரே லண்டன்தான்."

"எத்தனை மணித்தியாலம்?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மகன் வசதியெண்டு சொல்லித்தான் இதில போட்டவன். எனக்கெண்டால் கொழும்பில இறங்கி ஏறியிருக்கலாம். தங்கச்சி வெள்ளவத்தையில இருக்கிறா. ஒருக்கா முகத்தைப் பாத்திட்டுப் போயிருப்பன்" என்றார்.

அவருக்கு ஆறுதலாக என்ன சொல்வதென்று தெரியவில்லை. திரும்பும்போது நான் கொழும்பு வழியாகத்தான் ஊருக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கைப்பையைத் திறந்து, பிரிக்காத விற்றமின் குளிசைப் போத்தல் ஒன்றை எடுத்து, தங்கையின் விலாசத்தை அதன் மேலே எழுதித் தந்தார். பறக்க ஆரம்பித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நடுவழியில் ஓர் ஊரும் இல்லாத விமானத்தில், நடுவழி ஊருக்கு என்னிடம் ஒரு பொருள் வந்து சேர்ந்துவிட்டது.

இந்த வழியில் முதலில் பறந்தவர்களுக்கு நடு ஊர்தான் எல்லாம். 1919 நவம்பர் 12 அன்று ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளோடு லண்டன் அருகே ஹவுன்ஸ்லோவில் கிளம்பினார்கள். விக்கர்ஸ் விமி என்ற போர் விமானம், திறந்த இருக்கை. முப்பது நாளுக்குள் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தால் 10,000 பவுன் பரிசு என்று ஆஸ்திரேலிய அரசு அறிவித்திருந்தது. டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினார்கள். இருபத்தெட்டு நாள், அதில் வானத்தில் இருந்தது சுமார் 135 மணி நேரம். மற்ற நேரமெல்லாம் தரையில்தான்.

அந்தத் தரைக்கதைதான் எனக்குப் பிடித்தது. கல்கத்தாவில் ஓடிக் கிளம்பும்போது பருந்துகள் விமானத்தில் மோதின. ஜாவாவில் சுரபயாவில் இறங்கியபோது சேற்றில் சக்கரம் புதைந்துவிட்டது. ஊர்மக்கள் மூங்கில் தட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக விரித்து ஓடுதளம் அமைத்துக் கொடுத்தார்கள். அதன் மேல் ஓடித்தான் விமானம் மீண்டும் எழும்பியது. அண்ணன் தம்பி இருவருக்கும் சர் பட்டம் கிடைத்தது. வரலாற்றுப் புத்தகங்களில் அவர்கள் பெயர் இருக்கிறது. வீட்டுத் தட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த சுரபயாக்காரர்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் இல்லையென்றால் முப்பது நாள் கெடு தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

1935-இல் பயணிகள் சேவை வந்துவிட்டது. பிரிஸ்பேனிலிருந்து லண்டனுக்குப் பன்னிரண்டரை நாள். சிங்கப்பூர் வரை குவாண்டாஸ், அங்கிருந்து பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ். விமானப் பயணம் என்று சீட்டு வாங்கினாலும், இத்தாலியின் பிரிண்டிசியிலிருந்து பாரிஸ் வரை ரயிலில்தான் போகவேண்டும். ஆல்ப்ஸ் மலை ஒரு காரணம் என்றால், இத்தாலி அரசு வழி தராததும் ஒரு காரணம். பாரசீகத்திலும் இதே கதை. முதலில் வளைகுடாவின் வடகரையில், பாரசீகப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் விமானங்களுக்கு அனுமதியைத் தொடர்ந்து கொடுக்க அந்த அரசு மறுத்தது. 1932-இல் பாதையைத் தென்கரைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஷார்ஜா ஷேக்குடன் ஒப்பந்தம் போட்டு, பாலைவனத்தில் ஒரு கோட்டையைப் போல ஓய்வு விடுதி கட்டினார்கள். அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. துபாயும் அபுதாபியும் இன்று உலகத்தின் வழிச்சந்திப்பாக இருப்பதைப் பார்க்கும்போது, அன்று பாரசீகம் மூடிய கதவு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பது புரியும்.

1938-இல் நீர்விமானங்கள் வந்தன. சிட்னியின் ரோஸ் பே குடாவில் கிளம்பி, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இறங்கும். ஒன்பது பத்து நாள். ராஜஸ்தானில் தண்ணீருக்கு எங்கே போவது? பஞ்ச காலத்தில் மேவார் ராணா கட்டுவித்த ராஜ்சமந்த் ஏரியில் இறங்கினார்கள். குவாலியரிலும் ஏரிதான். இரவில் பறப்பதில்லை. பொழுது சாயும்போது ஓர் ஊரில் இறங்கி, விடுதியில் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி, விடிந்ததும் மறுபடி கிளம்புவார்கள். பணக்காரர்களின் பயணம்தான், சந்தேகமில்லை. இருந்தாலும் அவர்கள் நடு ஊர்களின் வெயிலையும் வாசனையையும் ஒவ்வொன்றாகக் கடந்துதான் போனார்கள்.

போர் வந்து இதையெல்லாம் அறுத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். போருக்குப் பின் 1947 டிசம்பரில் சிட்னி–லண்டன் வழியைக் குவாண்டாஸ் முழுக்கத் தன் விமானத்திலேயே ஓட்டத் தொடங்கியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று தாவித் தாவிப் போனதால் 'கங்காரு வழி' என்ற பெயர் நிலைத்தது. நான்கு நாள். 29 பயணிகளுக்கு 11 ஊழியர்கள். போய்வரக் கட்டணம் 585 பவுன். சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. பிறகு ஜெட் வந்தது, ஜம்போ வந்தது. ஒவ்வொரு புது விமானமும் பட்டியலிலிருந்து சில ஊர்களை அடித்துவிட்டது. கல்கத்தா போனது, கராச்சி போனது, கெய்ரோ போனது. கடைசியில் சிங்கப்பூரோ துபாயோ ஒன்றே ஒன்று மிஞ்சியது. 2018 மார்ச் 24 அன்று அதுவும் போனது. பெர்த்தில் எழும்பிய போயிங் 787-9 மறுநாள் விடிகாலை லண்டன் ஹீத்ரோவில் இறங்கியது. ஆஸ்திரேலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே எங்கும் நிற்காமல் பயணிகள் சேவை நடந்தது வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

எங்கள் விமானத்தில் இருந்த நான்கு விமானிகளும் முறைவைத்துப் பறப்பார்கள். இரண்டு பேர் ஓட்டும்போது இரண்டு பேர் கூரைக்கு மேலிருக்கும் சின்னப் படுக்கையறையில் தூங்குவார்கள். இந்த வகை விமானத்தின் தொட்டிகளில் 1,26,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். இவ்வளவு தூரத்துக்கு எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகிறது. கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளைப் பதினாறு மணி நேரம் தூக்கிக்கொண்டு பறக்கவேண்டும். அதனால் ஆட்களைக் குறைக்கிறார்கள். வேறு நிறுவனங்கள் முந்நூறு பேரை ஏற்றும் இதே விமானத்தில் இவர்கள் 236 இருக்கைதான் போட்டிருக்கிறார்கள்.

காற்றும் கணக்கில் இருக்கிறது. வடக்கே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் தாரைக்காற்று குளிர்காலத்தில் வலுக்கும். லண்டன் போகும்போது அது எதிரே வந்து மோதும். திரும்பும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும். ஆகவே போவதற்குப் பதினேழரை மணி என்றால், வருவதற்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் குறையும். தூரம் ஒன்றுதான், நேரம் இரண்டு.

இந்த ஒரு மணி நேர வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது 2024 ஏப்ரலில் தெரிந்தது. ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் நடுவே தாக்குதல் மூளும் என்ற அச்சத்தில் விமானங்கள் ஈரான் வான்வெளியைத் தவிர்க்கத் தொடங்கின. சுற்றிப் போனால் எதிர்க்காற்றில் எரிபொருள் போதாது. பெர்த்திலிருந்து கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயிற்று. லண்டனிலிருந்து வரும் விமானமோ, பின்காற்றின் தயவில், அதே சுற்றுவழியிலும் நிற்காமல் வந்து சேர்ந்தது. எழுபதாண்டுகளாக அடித்து அடித்துக் குறைத்த பட்டியலுக்குள் சிங்கப்பூர் ஒரே வாரத்தில் திரும்ப நுழைந்துவிட்டது. 1932-இல் பாரசீகம் வழியை மறித்தபோது ஷார்ஜா வந்தது போலத்தான் இதுவும். விமானம் எவ்வளவோ மாறியிருக்கிறது. ஈரான் அதே இடத்தில்தான் இருக்கிறது.

வழியை மூடுவது எப்போதும் அயல்நாடுதான் என்றும் சொல்லமுடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலம் தன் சொந்த நாட்டாருக்கே எல்லையை மூடி வைத்திருந்தது. 2021 நவம்பரில் வெளிநாட்டுப் பயணம் மீண்டும் தொடங்கியபோது லண்டன் விமானம் பெர்த்தை விட்டுவிட்டு டார்வின் வழியாகப் போனது. மாநில எல்லை 2022 மார்ச்சில்தான் திறந்தது. மே மாதத்தில் விமானம் பெர்த்துக்குத் திரும்பியது. அந்தக் காலத்தில் தம்பி எங்கள் அம்மாவின் கடைசி நாட்களுக்கு வரமுடியாமல் போனான். பெர்த்–மதுரை தூரம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. ஆனால் அவனுக்கு அந்த வருஷம் அது கடக்கமுடியாத தூரமாக இருந்தது. அதனால்தான் தூரத்தை வெறும் எண்ணாகச் சொல்வதை என்னால் ஏற்கமுடிவதில்லை.

நள்ளிரவு தாண்டியிருக்கும், எந்த ஊரின் நள்ளிரவு என்று கேட்கக்கூடாது. முன்னிருக்கையின் திரையில் இருந்த வரைபடத்தில் எங்கள் விமானம் இலங்கைக்குத் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. பருத்தித்துறை அம்மா விழித்திருந்தார். விரலால் திரையில் இலங்கையைத் தொட்டுக் காட்டினேன். "உதிலதான் எங்கட சனமெல்லாம் இப்ப படுத்திருக்கும்" என்றவர், போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டார். ஜன்னலில் ஒரு விளக்கும் தெரியவில்லை. கடல் மேல்தான் போய்க்கொண்டிருந்தோம்.

ஹீத்ரோவில் இறங்கியபோது எதிர்பார்த்தபடியே இருட்டு, மழைத்தூறல். லண்டனைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் வேலைகள் முடிந்ததும் கொழும்பு விமானம் ஏறினேன். சுமார் 8,700 கிலோமீட்டர், பதினொரு மணி நேரத்துக்குள் கட்டுநாயக்க விமான நிலையம். வெள்ளவத்தையில் அந்தத் தங்கையின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. போத்தலை வாங்கிக்கொண்டு, அக்கா எப்படி இருக்கிறா, கால் வீக்கம் வத்திட்டுதோ, விமானத்தில் நடந்தவவோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் போட்டுத் தந்த தேநீரைக் குடித்துவிட்டு, மறுநாள் காலை காலி போகும் ரயிலைப் பிடித்தேன். நான் பார்க்க வந்த ஊர் கொக்கல.

காலிக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில், கடலுக்கும் ஓர் ஏரிக்கும் நடுவே ஒடுக்கமாகக் கிடக்கும் ஊர் அது. ஏரியில் சின்னச் சின்னத் தீவுகள். கரையில் கறுவாத் தோட்டங்கள். இலங்கையின் இந்தத் தென்முனைக்கும் ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு முனைக்கும் நடுவே உறவு மிகப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பி அண்ட் ஓ கப்பல்கள் காலித் துறைமுகத்திலிருந்து தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நேரே பெர்த்துக்குத் தெற்கேயுள்ள ஆல்பனித் துறைக்குப் போகும். ஐரோப்பியச் செய்திகள் தந்தியில் காலி வரை வந்து, அங்கிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியப் பத்திரிகைகளுக்குப் போய்ச் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. 1872-இல் ஆஸ்திரேலியாவுக்குத் தந்திக் கம்பி போன பிறகுதான் அது மாறியது. பிறகு கொழும்புத் துறைமுகம் வளர்ந்து காலியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஜாவா, சுமத்திரா, பர்மா எல்லாம் பின்னாலேயே போயின. கங்காரு தாவிய கற்கள் முழுக்க எதிரியிடம். ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே விமானவழி அறுந்துவிட்டது. நடுவில் இறங்க ஊரில்லையென்றால் ஊரில்லாமலே பறப்பது என்று முடிவெடுத்தார்கள். பெர்த்தின் சுவான் ஆற்றிலிருந்து கொக்கல ஏரிக்கு: சுமார் 5,650 கிலோமீட்டர், அத்தனையும் திறந்த கடல். கேட்டலினா என்ற இரட்டை எஞ்சின் நீர்விமானம் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும். உள்ளே கூடுதல் எரிபொருள் தொட்டிகளை வைத்து, குளிரைத் தடுக்கும் உட்பூச்சையும் கழற்றி எறிந்து எடையைக் குறைத்தார்கள். அப்படியும் அனுமதித்த எடையைவிட மிகுதியாகத்தான் தண்ணீரை விட்டு எழும்பியது. மூன்று பயணிகள், 69 கிலோ தபால், அவ்வளவுதான் பிடிக்கும்.

ஜப்பானிய ரோந்து விமானங்கள் எட்டும் பகுதியை இருட்டில் கடக்கும்படி கிளம்பும் நேரத்தைக் கணக்கிட்டார்கள். வானொலியில் ஒரு சொல் பேசக்கூடாது. வழி பார்ப்பதற்கு நட்சத்திரங்கள்தான். விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களே: அல்டைர், வேகா, ஸ்பைகா, ரைஜல், அன்டாரஸ். நடுவில் எஞ்சின் நின்றால் கடலில் இறங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. பயணம் 27 மணியிலிருந்து 33 மணி வரை நீடிக்கும். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்ப்பார்கள். அதனால் 'இரட்டை விடியல்' என்று பெயர். பறந்த பயணிகளுக்கு 'இரட்டை விடியலின் இரகசிய அணி' என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 1943-இன் நடுவில் தொடங்கி 1945 ஜூலை வரை கேட்டலினாக்கள் 271 முறை இந்தக் கடலைக் கடந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அவர்கள் 30 மணி நேரத்தில் இரண்டு விடியலைப் பார்த்தார்கள். நான் இதே கடலின் மேல் பறந்து, இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தைக் கடந்து, ஒரு விடியலையும் பார்க்கவில்லை. கொக்கல ஏரிக்கரையில் நின்றபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினேழரை மணி நேரத்தில் லண்டன் போவதில் எனக்கு மறுப்பு இல்லை. மகளின் பேறுகாலத்துக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் பெரிது. ஆனால் அந்தக் கேட்டலினா விமானி கொக்கல ஏரியைக் கண்டதும் அடைந்திருக்கக்கூடிய மகிழ்ச்சியை எந்த வேகமும் யாருக்கும் இனித் தரப்போவதில்லை.

கொக்கலவுக்கு அதற்கு முன்பே போர் வந்துவிட்டது. 1942 ஏப்ரல் 4 அன்று இந்த ஏரியிலிருந்து கிளம்பிய கனடா நாட்டு விமானி லெனார்ட் பர்ச்சல், இலங்கைக்குத் தெற்கே கடலில் ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. போர் முடியும்வரை ஜப்பானியரிடம் கைதியாக இருந்தார். மறுநாள் கொழும்பு மேல் குண்டு விழுந்தபோது நகரம் ஆயத்தமாக இருந்ததற்கு அந்தச் செய்தியே காரணம்.

விமானத்தளம் வருவதற்காக ஊர்மக்களை வெளியேற்றினார்கள். வீடுகள் இடிந்தன, தோட்டங்கள் போயின. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு மட்டும், அதிகாரிகளுக்குத் தங்குமிடமாக உதவியதால், தப்பியது. அவர் 'கம்பெரலிய' நாவலை 1944-இல் வெளியிட்டார்; ஒரு தென்னிலங்கைக் கிராமம் உருக்குலைந்து மாறும் கதை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் படமாக்கினார். 1965-இல் டெல்லித் திரைப்பட விழாவில் தங்கமயில் பரிசு பெற்றது. சிறுவர்களுக்காக விக்கிரமசிங்க எழுதிய 'மடோல் தூவ'வில் வரும் தீவும் இந்த ஏரிக்குள்தான். பிறந்த வீட்டைச் சுற்றி இன்று நாட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. மீன்பிடிக் கருவிகள், முகமூடிகள், மாட்டுவண்டிகள், மட்பாண்டங்கள். போருக்கு முன் அந்த ஊரில் இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அறைக்கு அறை பார்க்கலாம். நான் ஏர்க் கலப்பைகளின் முன்னே வெகுநேரம் நின்றேன்.

அருங்காட்சியகத்துக்கு அப்பால் பழைய ஓடுதளம் சிறு விமானங்களுக்கு இன்றும் இருக்கிறது. 1990-களில் வந்த ஏற்றுமதி வலயத்தின் தையல் தொழிற்சாலைகளிலிருந்து வேலை முடிந்த பெண்கள் கூட்டமாக பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், தமிழ் தெரிந்த ஒரு பையனின் உதவியோடு, நீர்விமானங்களைப் பற்றிக் கேட்டேன். அவருடைய தகப்பனார் சொல்லிக் கேட்டிருக்கிறாராம்: ஏரியில் விமானம் இறங்கும்போது மீன் துள்ளிக் கரையில் விழும் என்று. எங்கள் நிலம் அந்த வேலிக்கு உள்ளே இருந்தது என்று கையால் காட்டினார்.

அந்தக் கேட்டலினாக்கள் இன்று இல்லை. அமெரிக்காவின் கடன்-குத்தகை ஏற்பாட்டில் வந்தவை என்பதால், போர் முடிந்ததும் கடலுக்குள் மூழ்கடிக்கப்பட்டன. பெயர் மட்டும் தப்பியிருக்கிறது. சிட்னியிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் பறக்க ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களைத் தனியாகச் செய்யச் சொல்லி வாங்கும் திட்டத்துக்குக் குவாண்டாஸ் 'புராஜெக்ட் சன்ரைஸ்' என்று பெயரிட்டிருக்கிறது. இரட்டை விடியலை நினைத்து வைத்த பெயர். 17,000 கிலோமீட்டர், இருபது மணி நேரத்துக்கு மேல். 2019-இல் சுமார் ஐம்பது பேரோடு லண்டனிலிருந்து சிட்னிக்கு நடத்திய சோதனைப் பயணம் 19 மணி 19 நிமிடம் எடுத்தது. அந்த வழியில் நூல் பிடித்தால் அது சீனா, கஜகஸ்தான், மாஸ்கோ பக்கம் என்று போகும். உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய வான்வெளி மேற்கத்திய விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது. ஆகவே நூலை விட்டு விலகித்தான் போகவேண்டியிருக்கும். எவ்வளவு விலகல், எத்தனை மணி கூடுதல் என்பதை டெஹ்ரானும் மாஸ்கோவும் கீவும் சேர்ந்து சொல்லும்.

அந்த விமானங்களைப் பற்றி எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. அவற்றில் ஒன்றுக்காவது கொக்கல என்று பெயர் வைக்கட்டும். ஒன்றுக்குச் சுரபயா என்றும், இன்னொன்றுக்கு ராஜ்சமந்த் என்றும் வைக்கலாம். முன்பக்கத்தில், விமானிகளின் ஜன்னலுக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிய எழுத்தில்.